சுவரோடு கட்டிய வேட்டி

ஜெனி, அருள், இந்த வாரம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ரெண்டு பேரும் அம்மாவிடம் ஓடிப்போய் "இது நெசமாம்மா?" என்று கேட்கக் கூடாது. நெசம்தான். அம்மா அந்த நேரத்தில் பந்தியில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து இறங்கிவிட்டது. லயத்து வரிசை வீட்டு வாசலில் மேளம் முழங்குகிறது. பெண்ணைப் பெற்றவர் மாலையோடு வெளியே நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, உங்களைப் பெற்ற நான் உள் அறையைத் தாழ்போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணைப் பெற்றவரைச் சுவரில் சாய்த்து, சப்பாத்தி மாவை உருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் இன்னும் சட்டை போடவில்லை. புது வேட்டியின் ஒரு முனையை வாயில் கடித்திருந்தார். அவருடைய கைத்தடி என் அக்குளில் இருந்தது. கல்யாணத்துக்கென்று முந்தின நாள்தான் சுண்ணாம்பு அடித்த சுவர். அவர் முதுகெல்லாம் வெள்ளை. ஜன்னல் வழியாகக் கேசரிக்கு நெய் ஊற்றுகிற வாசம் வந்துகொண்டிருந்தது.

"மெதுவாலே. நான் என்ன கொழுந்துச் சாக்கா?" என்றார்.

பேச வாயைத் திறந்தார் அல்லவா, கடித்திருந்த முனை விழுந்துவிட்டது. மறுபடியும் முதலில் இருந்து.

அவர் முத்தையா அண்ணாச்சி, எங்கள் தேயிலை எஸ்டேட் சூப்பர்வைசர். கல்யாணம் அவர் மகள் கலாவுக்கு. நடந்தது போன மாதம்தான். ஆனால் நாங்கள் ரெண்டு பேரும் அந்தச் சுவருக்கு வந்து சேர்ந்த வழி கொஞ்சம் நீளம். ஜெனி பிறந்த வருஷத்திலிருந்து சொல்ல வேண்டும். போன வாரம் ஏலப்பாறை பஸ்ஸில் ஆட்டுக்குட்டி ஏறிய கதையில் தன் பேர் வரவில்லை என்று அருள் கோபித்துக்கொண்டான். இதில் வருகிறது, பொறுமையாகப் படிக்கவும்.

பாக்கெட்டில் கை

நம் வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். ஜெனி கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாள், அருளின் ஞானஸ்நானம், சித்தி கல்யாணம், ஆதாருக்குத் தேவிகுளம் போன அன்று எல்லாரும் வரிசையாக நின்று எடுத்த படம். எல்லாவற்றிலும் எனக்குப் பச்சை ஸ்வெட்டர். எல்லாவற்றிலும் வலது கை பாக்கெட்டுக்குள். பஸ்ஸில் செக்கர் ஏறியதும் டிக்கெட்டைத் தேடுகிறவன் மாதிரியே நிற்பேன். ஞானஸ்நானப் படத்தில் மட்டும் கை பாக்கெட்டில் இல்லை. அருளைச் சுற்றிய துண்டுக்கு அடியில் இருக்கிறது.

இந்த ஊர்க் குளிரில் ஒருவன் பாக்கெட்டில் கை வைத்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மலைக்குக் கீழே வெயில் காயும் போடியில் பிறந்திருந்தால் மாட்டியிருப்பேன்.

அந்தக் கையில் பெருவிரல் மட்டும்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற நாலும் எப்படிப் போயின என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு டீ பேக்டரியில் வேலை. கொழுந்து அரைக்கும் ரோலரில் இலை அடைத்துக்கொண்டது. மெஷினை நிறுத்திவிட்டு, அது முழுசாக நின்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். நிறுத்தினேன். முழுசாக நிற்கும்வரை நான் நிற்கவில்லை. குற்றம் சொல்ல வேறு ஆள் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலையாள நர்ஸ். கட்டு மாற்றும்போதெல்லாம் "சாரமில்ல சேட்டா" என்பார். பரவாயில்லை அண்ணா என்று அர்த்தம். நாலு விரல் போனவனிடம் என்ன பரவாயில்லை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டை முடிச்சுப் போட்டுவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது சேட்டா, கட்டுப் போடத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்தப் பதில் எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. பிற்பாடு உபயோகப்பட்டது.

வீட்டுக்கு வந்தபோது, ஜெனி, நீ கைக்குழந்தை. உன்னைத் தூக்க மாட்டேன் என்று இருந்தேன். கீழே போட்டுவிடுவேன் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்தக் கை உன் மேல் படக் கூடாது என்று நினைத்தேன். அம்மா ஒருநாள் என்னைக் கேட்காமலே உன்னை என் மடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். நீ கையைக் காலை ஆட்டித் துழாவி, என் பெருவிரலைப் பிடித்தாய். உன் அஞ்சு விரலுக்கும் அந்த ஒன்று போதுமாக இருந்தது.

அன்றோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். திருந்தவில்லை. இன்னும் ரொம்ப நாள் கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு லுங்கி செய்த வேலை

எதற்குக் கத்தினேன்? லுங்கிக்கு.

சிரிக்காதீர்கள். இடது கையால் சாப்பிடப் பழகிவிடலாம். எழுதவும் பழகிவிடலாம். அருள் ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதிய நோட்டின் அடுத்த பக்கத்தில் நானும் இடது கையால் 'அ' எழுதினேன். டீச்சர் பார்க்காமல் எனக்கும் சேர்த்துச் சரி போட்டுவிட்டார். ஆனால் லுங்கி அப்படி இல்லை. ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொரு கை சுற்ற வேண்டும். பிடித்தால் சுற்ற முடியாது, சுற்றினால் பிடிக்க ஆள் இல்லை. எலாஸ்டிக் பேன்ட் போடச் சொன்னார்கள். அதைப் போட்டால் நான் பாதி ஆள் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது.

அதனால் தினம் காலையில் உங்கள் அம்மா ஸ்டெல்லா, கொழுந்து எடுக்கப் போகிற அவசரத்தில், எனக்கு லுங்கி கட்டிவிட வேண்டும். நான் நிற்பேன், ஸ்கூலுக்குப் போகிற பிள்ளை மாதிரி. இறுக்கினால் ஏன் இறுக்குகிறாய், தளர்த்தினால் ஏன் தளர்த்துகிறாய். ஒருநாள் அம்மா பாதிச் சுற்றில் கையை எடுத்தாள். "நீங்களே கட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று சாயங்காலம்வரை கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தேன். அவள் மேல் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு எனக்கு லைட் வேலை, அதாவது பாரம் இல்லாத வேலை, கொடுத்தார்கள். பத்தாம் நம்பர் காட்டில் மாடு ஏறாமல் பார்ப்பது. தோட்டத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு, காடு என்றுதான் இங்கே சொல்வோம். காலையில் எல்லாரும் கூடி வேலை பிரிக்கிற மஸ்டரில் முத்தையா அண்ணாச்சி பேர் கூப்பிடுவார். எஸ்டேட்டில் மூணு சேவியர் இருந்தோம். நெட்டைச் சேவியர், டிராக்டர் சேவியர், நான். முதல் நாளே அவர் பேப்பரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், "அரைக்கை எங்கலே?" என்றார்.

மொத்த மஸ்டரும் சிரித்தது. அன்றிலிருந்து அதுதான் என் பேர். ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் கை போனதும் அன்றைக்குத்தான்.

செடி இல்லாவிட்டால் சுவர்

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. பத்தாம் நம்பரில் பெண்கள் நிரை நிரையாக, செடி வரிசைகளுக்குள் இறங்குகிறார்கள். ஈரமும் செடிக் கிளையும் சேலையைக் கெடுக்காமல் இருக்க, தடித்த பிளாஸ்டிக் சாக்கு ஒன்றை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்களே, படங்கு, அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மாட்டைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் வலது கையில் கொழுந்துக் கத்திரி. அதைக் கீழே வைக்கவில்லை. இடது கையால் படங்கை வீசி, ஓரத்தை இடுப்புக்கும் தேயிலைச் செடிக்கும் நடுவில் கொடுத்து, செடியில் சாய்ந்தாள். செடி பிடித்துக்கொண்டது. அவள் ஒரு சுற்றுச் சுற்றி, மறு ஓரத்தைச் சொருகினாள். ஒரு கை. ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. பக்கத்தில் நின்றவளும் அப்படித்தான், அதற்குப் பக்கத்தில் நின்றவளும் அப்படித்தான்.

மேட்டில் நின்று அண்ணாச்சி "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் தேயிலைச் செடி இல்லை. சுவர் இருந்தது. முதல் நாள் சுற்றிய சுற்றில் லுங்கி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சோற்றுப்பானை ஒரு பக்கம். ரெண்டாம் நாள் பானையை எடுத்து வைத்துவிட்டு விழுந்தேன். முனையைப் பல்லில் கடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. அடுப்படிக்குப் போகும் வழியில் இடுப்பு உயரத்தில் சுவர் வழவழவென்று இருக்கிறதே, எருமை உரசின மாதிரி, அதுதான் உங்கள் அப்பா படித்துப் பாஸான இடம்.

அம்மா வேலை முடிந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள். "யாரு கட்டிவிட்டா?" என்றாள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் சந்தேகமும் இருந்தது. அதற்காகவே அவளை எனக்கு ரொம்பப் பிடித்தது.

இன்னொன்று சொல்ல மறந்தேன். இடது கையால் சொருகினால் முனை இடது பக்கம்தான் வரும். கேரளத்தில் அது சின்ன விஷயம் இல்லை. இங்கே முஸ்லிம்கள்தான் வேட்டியை இடப்பக்கம் முடிவார்கள். அடிமாலியில் ஒரு டீக்கடைக்காரர் முதல் தடவை என் இடுப்பைப் பார்த்து சலாம் சொன்னார். மரியாதைக்கு நானும் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். அவர் என்னை முஸ்லிம் என்றே நினைத்து, அது வருஷக்கணக்கில் நடந்தது. பெருநாளைக்கு நம் வீட்டுக்குப் பத்திரி என்கிற அரிசி ரொட்டியும் கறியும் வருவது அப்படி ஆரம்பித்ததுதான். ஒரு குருத்தோலை ஞாயிறு, கையில் ஓலையோடு மறந்துபோய்க் கடைக்குள் நுழைந்துவிட்டேன். அவர் ஓலையைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். நான் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக் காட்டினேன். வெளியாள் ஒருவருக்கு நானாகக் கையைக் காட்டியது அதுதான் முதல் தடவை. அவர் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பத்திரியை இனி நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்.

"லுங்கியைக் கொண்டா"

அதற்குப் பிறகு ஏலப்பாறையில் ஒரு ஜீப் டிரைவருக்குக் கை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். பழக்கமில்லாத ஆள். ஆனாலும் பஸ் ஏறிப் போனேன். போய் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வீட்டில் எல்லாரும் ஆறுதல் சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தார்கள். அந்த நர்ஸ் ஞாபகம் வந்தது. எனக்கும் ஆறுதல் சொல்லத் தெரியாது. லுங்கி கட்டத்தான் தெரியும்.

"லுங்கியைக் கொண்டா" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் கையைக் காட்டினேன். சாயங்காலத்துக்குள் ரெண்டு பேரும் நாலு தடவை விழுந்து எழுந்தோம். நாலாவது தடவை அவர் சிரித்தார். அவர் சம்சாரம் அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தது.

அப்புறம் அங்கங்கே கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிடாத இடத்துக்கும் போனேன். கை வெந்துபோன ஒரு அக்காவுக்குச் சேலை கட்டப் பழக்க அம்மாவை அனுப்பினேன். அருள் இதற்கு 'லுங்கி டியூஷன்' என்று பேர் வைத்தான். பாருங்கள், அருள் பேர் வந்துவிட்டது.

நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வீடுகளில் நான் போய் உட்கார்ந்தது அவர்களுக்காக மட்டும் இல்லை. ரோலர் எடுத்துக்கொண்ட நாலு விரலும் அங்கேதான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தன.

ஒன்பது நாள்

போன மழைக்காலத்தில் முத்தையா அண்ணாச்சிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்ப வந்தது. கால் பாதி வந்தது. வலது கை வரவில்லை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவர் சம்சாரம் வெள்ளத்தாயி அக்கா நம் வீட்டுக்கு வந்தது. அக்காவும் கொழுந்து எடுக்கிறவர்தான். முந்தானையைப் பிடித்துக்கொண்டே பேசியது.

"சேவியரு தம்பி, அவுக, மக கல்யாணத்துக்கு வெளிய வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்காக."

விஷயம் வேட்டி. ஞாயிற்றுக்கிழமை கஞ்சி போட்ட எட்டு முழத்தில் அண்ணாச்சி நடந்தால் எஸ்டேட்டே திரும்பிப் பார்க்கும். இப்போது எலாஸ்டிக் பேன்ட். பொம்பளை கட்டிவிட்ட வேட்டியோடு சபையில் நிற்க மாட்டேன் என்கிறார். ஒட்டுகிற வேட்டி வாங்கி வந்தால், ஓட்டுக் கேட்டு வருகிறவன் கட்டுவது அது என்று தூக்கிப் போட்டார். தாரை வார்ப்பதைத் தம்பி செய்யட்டும், நான் உள்ளே படுத்திருக்கிறேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட கலா, அப்பா கையால் தண்ணீர் விழாவிட்டால் நான் மணையில் உட்கார மாட்டேன் என்று அவளும் முடிவாகச் சொல்லிவிட்டாள். அப்பனுக்கு மகள். பத்திரிகை ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது.

அக்கா போன பிறகு எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. உங்களிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். அந்த மஸ்டர் சிரித்த சிரிப்பு மறுபடி காதில் கேட்டது, இந்தத் தடவை என் பக்கமாக. டீ குடித்து முடிக்கும்வரை அந்தச் சந்தோஷத்தை வைத்திருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

அவர் அறை வாசலில் நின்றேன். உள்ளே இருந்து யாரு என்று குரல் வந்தது.

"அரைக்கை" என்றேன்.

"வேடிக்கை பாக்க வந்தியோ?"

"ஆமா அண்ணாச்சி. லுங்கியைக் கொண்டாங்க."

அன்று தலையணை வந்தது, லுங்கி வரவில்லை. ரெண்டாம் நாள் திட்டு மட்டும் வந்தது. மூணாம் நாள்தான் லுங்கி வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, என் வித்தை அவருக்கு அப்படியே ஒத்துவரவில்லை. நான் வலது காலை ஊன்றிச் சுற்றுவேன். அவருக்கு வலது கால் சொன்ன பேச்சுக் கேட்காது. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, இடது காலை ஊன்றிச் சுற்ற வைத்தேன். அதை முதலில் நான் பழக வேண்டியிருந்தது. நம் வீட்டுச் சுவரில் மறுபடி விழுந்தேன். அம்மா தானாகவே பானையை எடுத்து வைத்திருந்தாள்.

அஞ்சாம் நாள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது கேட்டார், இந்த வித்தையை எவன் கண்டுபிடித்தான் என்று.

"எவனும் இல்ல அண்ணாச்சி. பத்தாம் நம்பர் பொம்பளைங்க. கத்திரியைக் கீழ வச்சா நீங்க ஏசுவீங்கன்னு, ஒத்தக் கையால படங்கு கட்டுனாங்க. அதைப் பாத்துப் படிச்சேன்."

வாசலில் நின்ற வெள்ளத்தாயி அக்கா, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது, இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கதவு நிலையில் இடுப்பைச் சாய்த்து, ஒரு கையால் படங்கைச் சுற்றிச் சொருகிக்கொண்டு போய்விட்டது. அண்ணாச்சி அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தினம் காட்டில் நடந்தது, தன் வீட்டிலும் நடந்தது, அவர் பார்த்ததே இல்லை.

"ஏலே" என்றார் கொஞ்சம் கழித்து. "அந்தப் பேரு நான்தானே வச்சேன் உனக்கு?"

"ஆமா."

"எனக்கு என்ன பேரு வைப்ப?"

"உங்களுக்கு முழுக் கையும் போச்சு, எனக்குப் பாதிதான். எப்பவும்போல நீங்கதான் அண்ணாச்சி மேல" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வாய் கொஞ்சம் கோணியது. இருந்தாலும் சிரிப்புதான். லுங்கியை எடுத்தார். எட்டாம் நாள் என் உதவி இல்லாமல் கட்டினார்.

மறுபடி அந்தச் சுவர்

இப்போது கல்யாணக் காலைக்கு வருவோம். அதுவரை பழகியதெல்லாம் பழைய லுங்கியில். வந்திருந்ததோ மொடமொடவென்று கஞ்சி போட்ட புது வேட்டி. தகரம் மாதிரி நின்றது. சுவரும் புதுச் சுண்ணாம்பில் வழுக்கியது. ரெண்டு தடவை கட்டிப் பார்த்து, ரெண்டு தடவையும் நழுவியதும், அவர் கதவைத் தாழ்போட்டுக்கொண்டார். வேன் வந்தது. மேளம் தொடங்கியது. மணையில் உட்கார வேண்டியவள் அந்தக் கதவுக்கு வெளியே, மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் தட்டவில்லை. உள்ளே இருந்து, சேவியரை வரச் சொல்லு என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

உள்ளே போனதும் நான் செய்த முதல் காரியம், அந்த எட்டு முழத்தைத் தரையில் போட்டு மிதித்தது. கஞ்சி உடைய வேண்டும் அல்லவா. தன் வேட்டியை ஒருவன் மிதிப்பதை அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அப்புறம்தான் அந்த உருட்டல், அந்தக் கொழுந்துச் சாக்குப் பேச்சு, முனை விழுந்தது எல்லாம்.

அடுத்த தடவை சுவர் பிடித்துக்கொண்டது. கடைசிச் சொருகலுக்கு நான் கை நீட்டினேன். அவர் தலையை ஆட்டினார். பேசவில்லை, வாயில் முனை இருந்தது. அவரே சொருகினார். இடது பக்கம்.

முதுகுச் சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, சட்டையை மாட்டி, கதவைத் திறந்தேன். கலா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வேட்டியைத்தான் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மணைக்குப் போனாள்.

தாரை வார்க்கும்போது அவர் இடது கையில் செம்பு. வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கலா குனிந்து அதை எடுத்து, தன் கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் அவள் கை வழியாக அவர் கையிலும் விழுந்தது. பந்தியிலிருந்து அம்மா அப்பளக் கூடையோடு வந்து எட்டிப் பார்த்தது அப்போதுதான்.

ஒண்ணுமில்லை

குடும்பப் படம் எடுக்க எல்லாரையும் நிறுத்தினார்கள். நான் பந்திக்கு நழுவப் பார்த்தேன். "அரைக்கை எங்கலே?" என்று மேடையிலிருந்து அதே குரல். அதே மாதிரி எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது. போய் அவர் பக்கத்தில் நின்றேன். போட்டோக்காரர் நேராகப் பார்க்கச் சொன்னார்.

அண்ணாச்சி நேராகப் பார்க்கவில்லை. என் ஸ்வெட்டரைப் பார்த்தார்.

"பாக்கெட்டுல என்னலே வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லன்னா வெளிய எடு. செத்த கையத் தொங்கப் போட்டுக்கிட்டு ஊரு முன்னால நான் நிக்கேன். ஒம்பது நாளா எனக்கு வாத்தியார் வேலை பாத்தவன், நீ ஒளிச்சு வச்சிருக்க."

சொல்லிவிட்டு அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். வெளிச்சம் அடித்தது.

போன வாரம் அந்தப் படம் வந்தது. நீங்கள் பார்த்தீர்கள். கலா அழகாக இருக்கிறாள், அண்ணாச்சியின் வேட்டி நேராக இருக்கிறது என்று சொன்னீர்கள். என் கையை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பாதி வெளியே இருக்கிறது. பெருவிரலும் கொஞ்சம் உள்ளங்கையும் தெரிகிறது. வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கைக்குச் சொந்தக்காரன் எனக்கே தெரியவில்லை.

ஊர் ஊராகப் போய்க் கையைக் காட்டுகிறவன் நான். கூட்டத்துக்கு நடுவில் நின்றால் அது தானாக உள்ளே போகிறது. அதனிடம் கேட்டுப் பயனில்லை.

படம் வந்த மறுநாள் அம்மா காட்டுக்குப் போய்விட்டாள். நீங்கள் ரெண்டு பேரும் ஸ்கூலுக்கு. நான் பச்சை ஸ்வெட்டரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். குளிக்கிற சோப்பில் ஊசியைக் குத்தி நிறுத்தினேன். ஒரு கைக்காரன் நூல் கோர்க்க அதுதான் வழி. நாலு தடவை தப்பி அஞ்சாவது தடவை நூல் நுழைந்தது. ஸ்வெட்டரை முழங்காலுக்கும் சுவருக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது பாக்கெட்டின் வாயை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தைத்தேன். தையல் தேவிகுளம் ரோடு மாதிரி வளைந்து வளைந்து போனது. பச்சை நூல் கிடைக்கவில்லை, வெள்ளை.

நூலைப் பல்லால் அறுத்தேன். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். மலையிலிருந்து மஞ்சு மூடுபனியாக இறங்கிக்கொண்டிருந்தது. வலது கை வழக்கம்போலப் பாக்கெட்டைத் தேடிப் போனது. கதவு அடைத்திருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றது. பிறகு வேறு போக்கிடம் இல்லாமல், வெளியே குளிரில், என் பக்கத்தில் தொங்கியது.